முதுகு குடைந்த ஆடிகள்

ஏலகிரியின் உச்சியிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் அது ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தொடும். சாலையில் போகிறவருக்குத் தூரம் அதிகம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, வாணியம்பாடி, ஆலங்காயம் என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கிக்குள் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஒரு குழியாடி இருக்கிறது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைனு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அந்தத் தொலைநோக்கியைக் கனவு கண்டு தொடங்கிவைத்த பாப்பு அதைப் பார்க்க இருக்கவில்லை. 1982 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார்.

அந்தப் பெயர்சூட்டலுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1990-இல், ஹபிள் தொலைநோக்கி விண்வெளிக்குப் போனது. அதன் ஆடி 2.4 மீட்டர் விட்டம். காவலூர் ஆடியைவிட ஆறு சென்டிமீட்டர்தான் பெரியது. ஆனால் காவலூர் ஆடி மூன்று டன்னுக்கு மேல் எடை. ஹபிளின் ஆடி 828 கிலோ. ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வேலை, எடையில் நான்கில் ஒரு பங்கு. மீதி எடை எங்கே போனது?

முதலில் காவலூர் ஆடி ஏன் அவ்வளவு கனம் என்று பார்ப்போம். ஒளியைத் திருப்புவது ஆடியின் மேலே படிந்த அலுமினியப் படலம் மட்டுமே. அதன் தடிமன் மயிரிழையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதன் கீழே இருக்கும் டன் கணக்கான பொருளுக்கு ஒரே ஒரு வேலைதான்: அந்தப் படலத்தின் வடிவம் கெடாமல் தாங்கி நிற்பது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான நல்ல ஆடி, தனக்கு வகுத்த பரவளைய வடிவத்திலிருந்து சில பத்து நானோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. தொலைநோக்கி வானத்தின் வெவ்வேறு மூலைகளைப் பார்க்கச் சாயும்போது, ஆடி தன் சொந்த எடையாலேயே வளைகிறது. இந்த வளைவு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு பதினாறு மடங்கு. தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு நான்கில் ஒன்றாகக் குறையும். அதனால் பழைய ஆடிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: தடிமன், விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. தரையில் எடை ஒரு பெரிய கவலை இல்லை. காங்கிரீட் தூண் தாங்கிக்கொள்ளும்.

காவலூர் ஆடி சாதாரணக் கண்ணாடியும் அல்ல. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் உருவாக்கிய ஜெரோடூர் என்ற பொருள் அது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நடுவில் நிற்பது. லித்தியம், அலுமினியம், சிலிக்கான் ஆக்சைடுகளை உருக்கி வார்த்து, பிறகு மிக மெதுவாகச் சூடேற்றினால் உள்ளே நுண்ணிய படிகங்கள் விளைகின்றன. சூடானால் கண்ணாடிப் பகுதி விரியும், படிகப் பகுதி சுருங்கும். இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் மொத்தக் கட்டியின் நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இந்தப் பொருள் பிறந்தது 1968-இல். காவலூரில் வானத்தைப் பார்க்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான், 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு. 1972-இல் அங்கே வந்த 1 மீட்டர் தொலைநோக்கிதான் 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று கண்டவற்றில் ஒன்று.

ஜெரோடூர் கட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை ஆடியாக்கியது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சொந்தக் கூடம், ஏ. பி. ஜெயராஜனும் அவர் குழுவும். முடிந்த ஆடியை விலைக்கு வாங்கியிருக்கலாம். வாங்காமல் உட்கார்ந்து தேய்த்ததில் பாப்புவின் பிடிவாதம் தெரிகிறது. என் கணிப்பில் காவலூர் இந்தியாவுக்குத் தந்தவற்றில் யுரேனஸ் வளையத்தைவிடப் பெரியது இந்தத் தேய்க்கும் கைப்பழக்கம்தான்.

சரி, மலைமேல் இவ்வளவு நல்ல ஆடி இருக்கும்போது விண்வெளிக்கு ஏன் போக வேண்டும்? காவலூரில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகளும் மேகத்தைக் கொண்டுவந்து கொட்டும். ஆண்டில் பல மாதங்கள் குவிமாடத்தை மூடி வைக்க வேண்டியதுதான். அதனால்தான் அடுத்த பெரிய தொலைநோக்கியை லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் நிறுவினார்கள். ஆனால் எவ்வளவு உயர ஏறினாலும் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைக் காற்றுமண்டலம் விடாது. பூமியையே படம் பிடிக்க வேண்டுமென்றால் மேலே போவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

மேலே போனாலும் ஆடி சிறியதாக இருக்க முடியாது. ஒளி ஓர் அலை. ஒரு வட்டத் துளை வழியே வரும்போது அது சற்றே சிதறும். அலைநீளத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்து 1.22-ஆல் பெருக்கினால், அந்த ஆடி பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோணம் கிடைக்கும். 2019 நவம்பர் 27 அன்று ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் கார்ட்டோசாட்-3 சுமார் 509 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 சென்டிமீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும். பச்சை ஒளியின் அலைநீளத்தைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், விட்டம் 1.2 மீட்டரை ஒட்டி என்று விடை வரும். அதன் ஆடியும் 1.2 மீட்டர்தான். எந்தக் கேமராச் சில்லும் எந்த மென்பொருளும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது.

அந்த ஆடியைக் காவலூர் பாணியில் 20 சென்டிமீட்டர் தடிமனான திண்மக் கட்டியாக விட்டிருந்தால் எடை ஏறக்குறைய 570 கிலோ வரும். கார்ட்டோசாட்-3-இன் மொத்த எடையே 1,625 கிலோ. மூன்றில் ஒரு பங்கை ஒரே ஆடி தின்றுவிட்டால், மின்கலம், சூரியத் தகடு, எரிபொருள் எல்லாம் எங்கே போகும்? ஆடி கனத்தால் அதைத் தாங்கும் சட்டமும் கனக்கும்; சட்டம் கனத்தால் செயற்கைக்கோளைத் திருப்பும் சக்கரங்களும் பெரிதாக வேண்டும். ஒரு கிலோ பல கிலோவாகக் குட்டி போடும்.

இங்கேதான் முதுகைக் குடையும் வேலை வருகிறது. வீட்டுக்கூரைக்குப் பனை விட்டம் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. பனையின் வைரம் ஓரத்தில். நடுவே வெறும் சோறு. அந்தச் சோற்றை நீக்கினாலும் விட்டம் பாரம் தாங்கும். ஒரு தகடு வளையும்போது அதன் மேல்பரப்பு அமுங்குகிறது, கீழ்ப்பரப்பு இழுபடுகிறது, நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு, முன்முகத்தை மெல்லிய தகடாகவும், அதன் பின்னே ஆழமான விலா எலும்புகளாகவும் விட்டுவைத்தால், எடை பாதிக்கும் கீழே போகும். விறைப்பில் பெரிய இழப்பு இராது. ஹபிள் ஆடியில் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே கட்டம் கட்டமான கூடு. கார்ட்டோசாட்-2-இன் 70 சென்டிமீட்டர் ஆடியும் கார்ட்டோசாட்-3-இன் ஆடியும் ஜெரோடூரில் பின்புறம் குடைந்தவை; எடையில் 60 சதவீதம் வரை எடுத்துவிட்டார்கள்.

அறைகளை எந்த வடிவில் குடைவது என்பதில் வடிவமைப்பாளர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. முக்கோணம் முறுக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் மூலைகளில் பொருள் சேர்ந்து கனம் கூடும். அறுகோணத்தில் அதே சுவர் நீளத்துக்கு அதிக இடம் காலியாகும். விறைப்பில் சற்றுக் குறை. முகத்தகட்டை எவ்வளவு மெல்லியதாக விடலாம் என்பதுதான் உண்மையான தலைவலி. பாலிஷ் போடும் கருவி அழுத்தும்போது, விலா எலும்புக்கு மேலுள்ள இடம் அசையாது. இரண்டு எலும்புக்கு நடுவிலுள்ள இடம் மெல்ல உள்வாங்கும். உள்வாங்கிய இடத்தில் தேய்மானம் குறையும். கருவியை எடுத்ததும் அந்த இடம் நிமிர்ந்து, முகம் முழுக்கப் பின்புறக் கட்டங்களின் அச்சு புடைத்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது; ஒளிக்குத் தெரியும். அதனால் கடைசிச் சில நானோமீட்டர்களை எந்தக் கருவியும் தொடாமல், வெற்றிடத்தில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி அணு அணுவாகச் சீவி எடுக்கும் முறை வந்தது.

குடைவதும் எளிதல்ல. வைரத்தூள் பதித்த கருவியால் ஜெரோடூரை அரைக்கும்போது சுவர்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுகின்றன. பீங்கான் இரும்பைப் போல வளைந்து எச்சரிக்காது. ஒரு விரிசல் போதும், ராக்கெட்டின் அதிர்வில் சட்டென்று பிளந்துவிடும். எனவே குடைந்த பின் அமிலத்தில் ஊறவைத்து, விரிசல் விழுந்த மேற்தோலையே கரைத்து எடுக்கிறார்கள். அதற்கு மேல், ஆடியை மூன்றே இடங்களில், வளைந்துகொடுக்கும் மெல்லிய உலோகக் கால்களால் பிடிக்கிறார்கள். மூன்றுக்கு மேல் பிடித்தால் சட்டத்தின் ஒவ்வொரு கோணலும் ஆடிக்குள் ஏறும்.

இன்னொரு சிக்கல் விண்வெளி ஆடிக்கு மட்டுமே உரியது. பூமியில், புவியீர்ப்பு இருக்கும் இடத்தில் தேய்க்கிறோம். வேலை செய்யப்போவதோ எடையே இல்லாத இடத்தில். மேலே போனதும் தொய்வு விடுபட்டு ஆடி நிமிரும். இங்கே சரியாக இருப்பது அங்கே தப்பாகிவிடும். ஆடியைப் பல திசைகளில் திருப்பித் திருப்பி அளந்து, புவியீர்ப்பின் பங்கைக் கணக்கில் கழித்து, ‘எடையில்லாத வடிவம்’ எது என்று கண்டுபிடித்து, அதற்கேற்பத் தேய்க்க வேண்டும். ஆடி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு பெரியது இந்தக் கழித்தல். அளவை தப்பினால் எல்லாம் தப்பும். ஹபிளின் ஆடி ஓரத்தில் 2.2 மைக்ரோமீட்டர் அதிகமாகத் தேய்ந்துபோனதற்குக் காரணம் எடை குறைத்தது அல்ல. அளக்கும் கருவியில் ஒரு லென்சு 1.3 மில்லிமீட்டர் இடம் தள்ளி இருந்தது. தப்பான அளவுகோலை வைத்துக்கொண்டு மிகச் சரியாகத் தேய்த்தார்கள்.

ஜெரோடூரின் எல்லை வெப்பத்தில் தெரிகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் ஏறக்குறைய 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் வெயிலும் நிழலும். ஜெரோடூர் விரியாது, நல்லது. ஆனால் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். ஒரு பக்கம் பட்ட சூடு மறு பக்கம் போய்ச் சேர நேரமாகும். ஆடி விரியாது என்றாலும் அதைப் பிடித்திருக்கும் உலோகமோ கார்பன் இழையோ வேறு விதமாக விரியும். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கிகளில் 37.5 சென்டிமீட்டர் ஜெரோடூர் ஆடிகளுக்கு விரிவு மிகக் குறைவான இன்வார் உலோகத்தைத் துணைக்கு வைத்தது இதனால்தான். இன்வார் கனமான உலோகம். ஆடியில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது.

இதற்கு மாற்றாக வந்த பொருள் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் கையில் எப்போதோ வந்துவிட்டது, வேறு உருவத்தில். தோல் பதனிடும் ஆலையில் பஃபிங் இயந்திரத்தின் உருளையில் சுற்றியிருக்கும் சொரசொரப்பான தாளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, இல்லையென்றால் சிலிக்கான் கார்பைடு. அந்தச் சிலிக்கான் கார்பைடுதான் ஜெரோடூருக்கு மாற்று. கருப்புச் சாணைக்கல்லும் அதுதான். 1891-இல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்செசன் செயற்கை வைரம் செய்யப் பார்த்து, களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சுட்டபோது தற்செயலாகக் கிடைத்தது. கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரையே தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் சென்னையில் தொடங்கியது. மணலையும் பெட்ரோலியக் கரியையும் சுட்டு இப்பொருளைச் செய்யும் அதன் உலை கேரளத்தின் கொரட்டியில் இருக்கிறது. உலைகளுக்கான வெப்பம் தாங்கும் கற்கள் செய்யும் ஆலை ராணிப்பேட்டை சிப்காட்டில். தொலைநோக்கி ஆடி தேய்க்கிறவர்கள் கண்ணாடியை முரட்டு வடிவில் அரைக்கப் பரம்பரையாகப் பயன்படுத்துவதும் கார்போரண்டம் தூளைத்தான். ஆடியைத் தேய்த்த தூளே இப்போது ஆடியாகியிருக்கிறது.

ஏன் இது? எண்களே சொல்லும். விறைப்பை அடர்த்தியால் வகுத்தால், ஜெரோடூருக்கு 36 என்று வரும் இடத்தில் சிலிக்கான் கார்பைடுக்கு 130-க்கு மேல். அதே எடையில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு விறைப்பு. வெப்பத்தைக் கடத்துவதில் நூறு மடங்குக்கு மேல் வேகம். அது விரியத்தான் செய்யும். ஆனால் சூடு ஒரே இடத்தில் தேங்காமல் உடனே பரவிவிடுவதால் ஆடி கோணாது. அதைவிடப் பெரிய நன்மை, ஆடி, சட்டம், தாங்கி எல்லாவற்றையும் அதே பொருளில் செய்துவிடலாம். குளிரும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் சேர்ந்து சுருங்கும். குவியம் தானாகவே சரியாக இருக்கும். 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா விண்கலத்தின் ஆடிகளும் அவற்றைத் தாங்கிய மூன்று மீட்டர் வளையமும் ஒரே சிலிக்கான் கார்பைடுதான்.

செய்முறை வேடிக்கையானது. நுண்தூளை அச்சில் அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். அந்தப் பச்சைக் கட்டியை நகத்தால் கீறலாம். அந்த நிலையிலேயே பின்புற அறைகளையெல்லாம் வேகமாகக் குடைந்துவிடுகிறார்கள். ஜெரோடூரில் மாதக்கணக்காகும் வேலை இங்கே சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடுகிறார்கள். கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கும். அதற்கு முன்கூட்டியே இடம் விட்டுத்தான் வெட்டியிருப்பார்கள். சுட்டு வெளியே வந்ததும் வைரத்தைத் தவிர வேறு எதுவும் அதை எளிதில் தொட முடியாது. வைரத்தூளால் தேய்ப்பது மெதுவான, செலவான வேலை. தேய்த்த பின்னும் நுண்துளைகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி அவற்றில் பட்டுச் சிதறும். ஆகவே முகத்தின் மேல் வாயுவிலிருந்து துளையற்ற சிலிக்கான் கார்பைடு அடுக்கை வளரவிட்டு, அதை மறுபடி பாலிஷ் போடுகிறார்கள். 2006-இல் ஜப்பான் அனுப்பிய அகாரி அகச்சிவப்புத் தொலைநோக்கியின் 70 சென்டிமீட்டர் ஆடியிலும் இப்படி ஓர் அடுக்கு வளர்த்தார்கள். எடை 11 கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஹபிளில் அது 180. காவலூரில் 800-ஐ ஒட்டி.

இதன் உச்சம் 2009 மே மாதம் பறந்த ஐரோப்பாவின் ஹெர்ஷல் விண்தொலைநோக்கி. 3.5 மீட்டர் ஆடி. அவ்வளவு பெரிய ஆடியை ஒரே கட்டியாகச் சுட முடியாததால் பிரான்சில் 12 துண்டுகளாகச் சுட்டு, உயர் வெப்பத்தில் பற்றவைத்து ஒன்றாக்கினார்கள். பாலிஷ் பின்லாந்தில். முழுத் தொலைநோக்கியும் 320 கிலோவை ஒட்டித்தான். ஹபிளின் ஆடியில் பாதி எடைகூட இல்லை. ஆனால் இந்த ஒப்பீட்டைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெர்ஷல் பார்த்தது தொலை அகச்சிவப்பு. அலைநீளம் 55 மைக்ரோமீட்டருக்கு மேல். அதற்குப் பரப்பு சில மைக்ரோமீட்டர் பிசகினாலும் பாதகமில்லை. ஹபிளுக்கு வேண்டிய துல்லியத்தை அந்த ஆடியிடம் கேட்டிருந்தால் எடையும் செலவும் வேறாக இருந்திருக்கும். இலகு ஆடி பற்றிப் பேசும் கட்டுரைகள் பல இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

சிலிக்கான் கார்பைடு ஆடிகள் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் அன்னியமல்ல. 2012 செப்டம்பரில் பி.எஸ்.எல்.வி. ஏற்றிச்சென்ற பிரான்சின் ஸ்பாட்-6, 2014 ஜூனில் சென்ற ஸ்பாட்-7 இரண்டின் கேமராக்களும் அந்தப் பொருளில் செய்தவை. ராக்கெட் நம்முடையது, ஆடி அவர்களுடையது. ஹைதராபாத்திலுள்ள தூள் உலோகவியல் மற்றும் புதிய பொருட்களுக்கான ஆய்வு மையம் விண்வெளிக்கான சிலிக்கான் கார்பைடு ஆடிக் கட்டிகளில் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. பெங்களூரில் இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வுக்கூடம் ஜெரோடூரைக் குடைந்து பாலிஷ் போடுவதில் தேர்ந்த கை. ஆதித்யா-எல்1 விண்கலத்தில் சூரியனின் மகுடத்தைப் பார்க்கும் கருவியின் ஆடி போன்ற, சிதறலையே பொறுக்காத பரப்புகள்வரை வந்துவிட்டார்கள்.

அப்படியானால் இந்தியா ஜெரோடூரை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதுதான் என் எண்ணம். ஒரு மீட்டரைச் சுற்றிய அளவுக்கு, அறை வெப்பத்தில் இயங்கும் கேமராவுக்கு, நமக்குக் கை வந்த பொருளே நல்ல பொருள். கார்ட்டோசாட்-3 அதற்குச் சான்று. இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்வைத்திருக்கும் இன்சிஸ்ட் புற ஊதாத் தொலைநோக்கியின் ஆடி 1 மீட்டர். ஆஸ்ட்ரோசாட்டின் ஓர் ஆடியைப் போல ஏழு மடங்கு ஒளி சேர்க்கும். அதற்கும் பழைய பாதை ஒத்துவரலாம். ஆனால் இரண்டு மீட்டரைத் தாண்டவோ, குளிரூட்டிய அகச்சிவப்புத் தொலைநோக்கி அனுப்பவோ நினைத்தால் கணக்கு மாறிவிடும். அங்கே தேவைப்படுவது பெரிய ராக்கெட் அல்ல, பெரிய உலை. அத்தகைய உலையைக் கட்டிப் பழகவும், சுருக்கத்தைக் கணிக்கக் கற்கவும், வைரத்தூளில் கை பழகவும் பத்தாண்டுக்குக் குறையாமல் ஆகும். செயற்கைக்கோளுக்கு ஒப்புதல் வந்த பிறகு உலைக்கு அடிக்கல் நாட்டுவது காலம் கடந்த வேலை. உலையை முதலில் கட்ட வேண்டும்.